பி-003க்கு ஒரு கடிதம்

காலை ஏழே முக்காலுக்கெல்லாம் மருத்துவமனையின் காசநோய்ப் பிரிவு வாசலில் நிற்க வேண்டும். எட்டு மணிக்கு மாத்திரை கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். சளியில் கிருமி இருப்பது உறுதியானவர்கள் அன்றைக்கே முதல் மாத்திரையை விழுங்கிவிடுவார்கள். அப்படித்தான் நடக்க வேண்டும். ஒரு நாள் தள்ளிப்போனாலும் அவருக்கும் கெடுதல், வீட்டில் கூட இருப்பவர்களுக்கும் கெடுதல். எனக்கு வேண்டிய ரத்தமோ அந்த முதல் மாத்திரைக்கு முந்தைய ரத்தம். அதனால் என் ஆராய்ச்சி முழுக்க அந்தக் கால் மணி நேரத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

சென்னையில் பிஎச்.டி. ஐந்தாவது வருடம். காசநோயோடு சர்க்கரையும் இருப்பவர்களின் எதிர்ப்புச் செல்கள் அந்தக் கிருமியிடம் எப்படி நடந்துகொள்கின்றன என்பதுதான் என் கேள்வி. சர்க்கரை உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இல்லாதவரைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்பது வெகு நாளாகத் தெரிந்த விஷயம். ஏன் என்பதில்தான் இன்னும் நிறைய வேலை பாக்கி இருக்கிறது. நம் ஊரில் எத்தனை வீட்டு ஃப்ரிட்ஜில் இன்சுலின் இருக்கிறது என்று யோசித்தால் இந்தக் கேள்வி ஏன் இங்கே முக்கியம் என்று புரியும்.

ஆளுக்கு 20 மில்லி ரத்தம். நாலு டீஸ்பூன். பச்சை மூடி போட்ட ட்யூப் இரண்டு. அதற்குள் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் பூசியிருக்கும். வார்டு நர்ஸ் அக்கா ஒருவர், "ஐஸ் வெச்சுக்கோ, வெயிலா இருக்கு" என்று ஒவ்வொரு முறையும் அன்பாகச் சொல்வார். ஐஸில் வைக்கக் கூடாது. எனக்கு வேண்டியது உயிரோடு இருக்கும் செல்கள். குளிர்ந்தால் அவை சரியாகப் பிரியாது. துணியில் சுற்றி ஒரு சாப்பாட்டுப் பையில் வைத்து மடியில் வைத்துக்கொள்வேன். மின்சார ரயிலில் கூட்டம் நெருக்கினாலும் அந்தப் பையை யாரும் இடிக்காமல் பார்த்துக்கொள்வேன். பக்கத்தில் இருப்பவர்கள் அதைச் சாப்பாடு என்றுதான் நினைப்பார்கள்.

லேபுக்கு வந்ததும் ரத்தத்தை உப்புக் கரைசலில் சரிபாதி கலக்கி, ஃபைகால் என்ற தெளிந்த திரவத்தின் மேல் ட்யூபின் சுவரோரமாக விட வேண்டும். வடிகட்டின எண்ணெய் மாதிரி, கை நடுங்காமல், சொட்டுச் சொட்டாக. கீழே நிறமில்லாத அடுக்கு, மேலே சிவப்பு. அதைச் சென்ட்ரிஃபியூஜில் அரை மணி நேரம் சுற்ற விட்டால் சிவப்பணுக்கள் அடியில் போய்ப் படியும். மேலே மஞ்சளாகப் பிளாஸ்மா நிற்கும். நடுவில் மெல்லிய வெள்ளை வளையம் ஒன்று மிதக்கும். பாலாடையைவிட மெல்லிசு. எனக்கு வேண்டியது அந்த வளையம் மட்டும்தான். நான் தேடுகிற எதிர்ப்புச் செல்கள் அதில்தான் இருக்கின்றன.

சுற்றி முடித்ததும் இயந்திரம் தானாக நிற்க வேண்டும். பிரேக் போட்டு நிறுத்தினால் அந்த உலுக்கலில் அடுக்குகள் கலங்கிவிடும். திரையில் பிரேக்கை 0 என்று வைக்க வேண்டும். இதை முதல் வருடம் எனக்குச் சீனியர் மூன்று முறை சொல்லிக்கொடுத்தார். நானும் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன்.

பி-003 என் மூன்றாவது ஆள். இருபத்தாறு வயது, மெக்கானிக். விரல் நகங்களில் கிரீஸ் கறை. ஒப்புதல் படிவத்தை முழுக்க வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர் என் 41 பேரில் ஏழெட்டுப் பேர்தான். அவர் அதில் ஒருவர். வாசித்துவிட்டு, "இதுல எனக்கு நேரடியா எந்தப் பலனும் இல்லன்னு போட்டிருக்கு" என்றார். ஆமாம் அண்ணா என்றேன். கொஞ்சம் யோசித்தார். "சரி, யாருக்காவது ஆகட்டும்" என்று கையை நீட்டினார்.

அன்று எனக்கு முன்னால் அந்த இயந்திரத்தை வேறு யாரோ வேறு வேலைக்குப் பயன்படுத்தியிருந்தார்கள். பிரேக் 9-இல் இருந்தது. நான் பார்க்கவில்லை. அரை மணி கழித்து மூடியைத் திறந்தால் ட்யூபில் வளையமே இல்லை, அடுக்குகள் கலங்கிக் கிடந்தன. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுபடி சுற்றிப் பார்த்தேன். கிடைத்த செல்களில் பாதி செத்திருந்தன, மீதியில் சிவப்பணுக்கள் கலந்திருந்தன. இரவு எட்டு மணிக்கு எல்லாவற்றையும் பிளீச்சில் கொட்டினேன்.

வேறு எந்த மாதிரி என்றாலும் நாளைக்கு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். இதை எடுக்க முடியாது. அவர் காலை எட்டரைக்கே முதல் மாத்திரையைப் போட்டுவிட்டார். சிகிச்சைக்கு முந்தைய அவருடைய ரத்தம் இனி இந்த உலகத்தில் எங்கும் இல்லை. கைடிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "இனிமே இயந்திரத்தத் தொடுறதுக்கு முன்னாடி வாய்விட்டுப் படி" என்று மட்டும் சொன்னார். இன்றுவரை "வேகம் 400, நேரம் 30, பிரேக் 0" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் பொத்தானை அழுத்துகிறேன். ஜூனியர்கள் அதைக் கேட்டுக் கேட்டு அவர்களும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

அவர் இரண்டாம் மாதம் வந்தார். கையை நீட்டினார். ஆறாம் மாதமும் வந்தார். ஒப்பிட்டுப் பார்க்க முதல் மாதிரி இல்லை என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. வேறு கேள்விக்குப் பயன்படும், எடுத்து வை என்று கைடு சொன்னார், அதுவும் உண்மைதான். ஆனாலும் ஊசி அவர் தோலுக்குள் போகும்போது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வெள்ளை வளையத்தில் இருந்து மோனோசைட் என்ற வகை வெள்ளணுக்களைப் பிரித்து, வளர்ப்புத் திரவத்தில் ஒரு வாரம் வைத்தால் அவை மேக்ரோபேஜ் ஆகும். தமிழில் விழுங்கணு என்று சொல்லலாம், எனக்குப் பிடித்த சொல். கிருமியைக் கண்டால் சூழ்ந்து விழுங்கி, உள்ளே ஒரு பையில் அடைத்து, அமிலத்தையும் நொதிகளையும் விட்டுக் கரைத்துவிடும். பெரும்பாலான கிருமிகளின் கதை அங்கே முடிந்துவிடும். காசநோய்க் கிருமி விழுங்கப்பட்ட பிறகு அந்தப் பைக்குள் அமிலம் ஏறாமல் பார்த்துக்கொள்கிறது. தன்னைக் கொல்ல வந்த செல்லையே வீடாக்கிக்கொள்கிறது. சிலரிடம் பல வருடம் ஒன்றும் செய்யாமல் அப்படியே இருக்கும். உடல் தளரும்போது, சத்தான சாப்பாடு இல்லாதபோது, சர்க்கரை ஏறும்போது வெளியே வரும்.

இதை உயிருள்ள கிருமியோடு செய்து பார்க்க மூன்றாம் நிலைப் பாதுகாப்பு லேபுக்குள் போக வேண்டும். பிஎஸ்எல்-3 என்போம். உள்ளே காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவு. கதவைத் திறந்தால் காற்று உள்ளே வருமே தவிர வெளியே போகாது. முழு கவுன், இரண்டு ஜோடி கையுறை, முகத்தை இறுக்கும் என்-95. உள்ளே போய்விட்டால் மூன்று நான்கு மணி நேரம் தண்ணீர் கிடையாது, போன் கிடையாது, மூக்கு அரித்தாலும் சொறிய முடியாது. காற்று இழுக்கும் மோட்டாரின் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். எனக்கு அந்த ஓசை பிடிக்கும். வெளியே ஐந்து மாதமாக வராத ஃபெலோஷிப் பணம், முடியாத கட்டுரை, "எப்பம்மா முடிப்ப" என்ற அப்பாவின் கேள்வி எல்லாம் அந்த இரண்டாவது கதவோடு நின்றுவிடும்.

அம்மாவுக்குத்தான் இன்னும் பயம். "உனக்கு ஒட்டிக்கிச்சுன்னா?" என்று கேட்பார். வருடா வருடம் எக்ஸ்ரே எடுக்கிறார்கள் என்று சொன்னாலும் ஆறாது. பெண் பார்க்க வருகிறவர்களிடம் "ஏதோ மருந்து ஆராய்ச்சி" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார். அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்த நோயின் பெயரை எங்கள் வீட்டில் சத்தமாகச் சொன்னதே இல்லை. என் தாத்தாவுக்கு 1971-இல் வந்தது. மதுரைப் பக்கம் ஒரு சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளைத் தங்க வைக்கும் மருத்துவமனையில், 11 மாதம் இருந்தார். குணமாகித் திரும்பிய பிறகும் சாகும்வரை அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். அப்பத்தா அந்த டம்ளரைப் பரணில் வைத்திருந்தார், யாரும் தொடக்கூடாது என்று.

இதில் என்னை வாட்டுவது எதுவென்றால், தாத்தா அத்தனை மாதம் ஊரைவிட்டு இருந்திருக்கவே வேண்டியதில்லை என்பதைச் சென்னையே கண்டுபிடித்திருந்தது. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆராய்ச்சி மையத்தில், 200-க்குச் சற்றுக் குறைவான ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரைச் சானடோரியத்திலும் மீதிப் பேரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நெருக்கடியான வீடுகள், அரைகுறைச் சாப்பாடு. அப்படியும் வீட்டில் இருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் கூடுதலாக வரவில்லை. 1959-இல் முடிவு வெளிவந்தது. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் காலியானதற்கு அது ஒரு பெரிய காரணம். அந்தச் செய்தி 12 வருடம் கழித்தும் எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை. டம்ளர் பரணிலேயே இருந்தது.

செய்தி வந்து சேராததைப் பற்றித்தான் இந்த ஐந்து வருடமாக அதிகம் யோசித்திருக்கிறேன். இதை என்னை யோசிக்க வைத்தவர் பி-019.

அவருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். வடசென்னையில் ஒரு தெருமுனையில் விடியற்காலை இட்லிக் கடை போடுகிறவர். சர்க்கரை பத்து வருடமாக. முதல் நாளே, "இன்னா பாப்பா, இவ்ளோ ரத்தம் எடுக்குற, இத வெச்சு இன்னா பண்ணுவ?" என்று கேட்டார். படிவத்தில் உள்ளபடி சொன்னேன். தலையை ஆட்டினார். இரண்டாம் மாதம் வந்தபோது முதல் கேள்வியே, "போன தபா குடுத்தேனே, என் ரத்தம் இன்னா சொல்லுச்சு?"

என்னிடம் பதில் இல்லை. அவருடைய செல்களில் கிருமியை விட்டுத் தட்டுகளில் பரப்பி வைத்திருந்தேன். அது வளர்ந்து கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிய மூன்று நான்கு வாரம் ஆகும். அந்தத் தட்டுகளில் பாதியில் இருபதாம் நாள் பூஞ்சை பிடித்திருந்தது. மீதியில் எண்ணியிருந்தேன், ஆனால் ஒருவருடைய எண்ணிக்கையை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. "இன்னும் முழுசாத் தெரியலம்மா, அந்தக் கிருமி ரொம்ப மெதுவா வளரும், ஒரு மாசம் ஆகும்" என்றேன்.

"மாவு ஒரு ராத்திரியில பொங்குது. இதுக்கு ஏன் ஒரு மாசம்?"

பிஎச்.டி. தகுதித் தேர்வில்கூட என்னை யாரும் இவ்வளவு நல்ல கேள்வி கேட்கவில்லை. நான் அவர் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மாவு பொங்குவதும் நுண்ணுயிரால்தான் என்று சொன்னேன். அது அவருக்குத் தெரிந்தே இருந்தது, பெயர்தான் தெரியாது. வெயில் காலத்தில் சீக்கிரம் புளிக்கும், மார்கழியில் அடுப்புப் பக்கம் வைக்க வேண்டும், கையால் கலக்கினால்தான் நன்றாகப் பொங்கும் என்று அவரே சொன்னார். மாவில் இருப்பது ஒரு மணி நேரத்துக்குள் ஒன்று இரண்டாகும் ஜாதி. ராத்திரி முழுக்க விட்டால் பாத்திரம் வழிகிறது. குடலில் இருக்கும் ஈகோலை நல்ல சாப்பாடு கிடைத்தால் 20 நிமிடத்தில் இரண்டாகும். காசநோய்க் கிருமிக்கு ஒன்று இரண்டாக ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு இரண்டு, நாளன்றைக்கு நான்கு. மேலே மெழுகு மாதிரிக் கெட்டியான தோல் ஒன்றைப் போட்டுக்கொண்டு, அவசரமே இல்லாமல்.

"அதான் ஆறு மாசம் மாத்திரையா?" என்றார்.

அதேதான். மருந்துகள் பலவும் வளர்ந்துகொண்டிருக்கும் கிருமியைத்தான் நன்றாகக் கொல்லும். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்தும் சேர்ந்து, சுறுசுறுப்பாக இருப்பவற்றைத் தீர்த்துவிடும். இருமல் நின்றுவிடும், பசி எடுக்கும், எடை ஏறும். தூங்குகிற மாதிரிக் கிடப்பவை மட்டும் பாக்கி. அவை ஒவ்வொன்றாக அசையும்போது பிடிக்கத்தான் அடுத்த நான்கு மாதம். இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்துகிறவர்களிடம் மிஞ்சுவது அந்தத் தூங்குமூஞ்சிகள்தான். அவற்றிலிருந்து மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியும் கிளம்பிவரலாம்.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், தன் பக்கத்துக் கடைக்காரர் இருமல் நின்றதும் மாத்திரையை விட்டுவிட்டதாகவும், அவரிடம் இதைச் சொல்லப் போவதாகவும் சொன்னார். அந்த ஆள் மீண்டும் மருத்துவமனைக்கு வந்தாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு ரயிலில் போகும்போது ஒன்று உறைத்தது. இந்தப் பெண் இரண்டு முறை ரத்தம் கொடுத்து, முதல் முறையாகப் பதிலுக்கு ஒன்றை வாங்கிப் போயிருக்கிறார். அதுவும் அவராகக் கேட்டதால்.

இந்த நேரத்தில்தான் மருத்துவர் செல்லப்பன் நிர்மலாவைப் பற்றி மறுபடி தேடிப் படித்தேன். நுண்ணுயிரியல் படிக்கிற சென்னைப் பெண்கள் எல்லாருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1985-86-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதுநிலை மாணவி, வயது 32, இரண்டு குழந்தைகள். எய்ட்ஸ் இந்தியாவில் இல்லை என்று எல்லாரும் நம்பிய காலம். ஆய்வேட்டுக்கு இந்தத் தலைப்பை எடுத்துக்கொள் என்று சொன்னவர் பேராசிரியர் சுனிதி சாலமன். நிர்மலா தயங்கியிருக்கிறார், தைரியம் சொன்னது கணவர். மயிலாப்பூரில் பெண்களைத் தடுத்து வைத்திருந்த அரசு இல்லத்துக்குப் போய், பாலியல் தொழில் செய்ததற்காகப் பிடிக்கப்பட்டிருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்தார். கையுறை இல்லை. வைக்க இடம் இல்லாமல் மாதிரிகளை வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தார். பரிசோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. கணவரோடு ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். அங்கே வைரஸ் ஆய்வாளர் ஜேக்கப் ஜானின் லேபில் சோதித்தபோது 80-க்கும் மேற்பட்ட மாதிரிகளில் ஆறு மஞ்சளாக மாறின, எச்.ஐ.வி. இருப்பதற்கான அடையாளம் அது. பிறகு அமெரிக்காவுக்கு அனுப்பி உறுதிசெய்தார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று உலகத்துக்குத் தெரிந்தது ஒரு மாணவியின் ஆய்வேட்டில் இருந்துதான். 1987-இல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்து, தேர்வு எழுதி, கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் தடுப்பூசி தயாரிக்கும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

முதலாம் ஆண்டில் இதைப் படித்தபோது அந்த ரயில் பயணம்தான் கண்ணில் நின்றது. என் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொள்ளும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன். இந்த முறை படித்தபோது கண்ணில் பட்டது அந்தப் பெண்கள். எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. பால்வினை நோய்ப் பரிசோதனை என்று நினைத்துக்கொண்டு கையை நீட்டினார்கள். நிர்மலாவே பின்னாளில் இதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். நான் அவரைக் குறை சொல்லவில்லை; அந்தக் காலத்தில் யாரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை, அவர் செய்த துணிச்சலை நான் செய்திருப்பேனா என்று தெரியவில்லை. ஆனால் நாட்டுக்கே எச்சரிக்கை கொடுத்தது அந்த ஆறு பேரின் ரத்தம். அந்த ஆறு பேரையும் நாம் எண்ணிக்கையாகத்தான் அறிவோம்.

அதேபோல்தான் செங்கல்பட்டும். காசநோய்க்கு எதிரான பிசிஜி தடுப்பூசியைப் பற்றி 1968-இல் தொடங்கிய ஆய்வு. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் திருவள்ளூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஏறக்குறைய 3,60,000 பேர் சேர்ந்தார்கள். 15 வருடம் பின்தொடர்ந்து பார்த்ததில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயைப் பிசிஜி அங்கே தடுக்கவில்லை என்று தெரிந்தது. குழந்தைகளுக்கு வரும் கொடிய வகைகளில் இருந்து அது காக்கிறது, அதனால்தான் இன்றும் பிறந்ததும் போடுகிறோம். ஆனால் புதிய தடுப்பூசி தேடுகிற யாரும் இன்றைக்கும் செங்கல்பட்டில் இருந்துதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். ஒரு மாநாட்டில் வெளிநாட்டு மாணவர் ஒருவர் "சிங்கிள்புட்" என்று ஆங்கில எழுத்தைப் பார்த்து உச்சரித்தபோது எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் தொண்டை அடைத்தது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் ஓரம் தெரிகிற வயதானவர்களின் தோளில் பிசிஜி தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். அதில் எத்தனை தோள் உலகத்தின் அறிவியலில் இருக்கிறது, அந்த வீடுகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

போன வருடம் கைடிடம் போய், பங்கேற்ற ஒவ்வொருவருக்கும் தமிழில் ஒரு பக்கக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் உடனே சரி என்றார். அப்புறம் எத்திக்ஸ் கமிட்டி, மனிதர்களை வைத்துச் செய்யும் ஆராய்ச்சிக்கு அனுமதி தரும் குழு. நான்கு மாதம் ஆயிற்று. அவர்கள் கேட்ட கேள்விகள் எல்லாம் நியாயமானவைதான். கடிதத்தில் காசநோய் என்ற சொல் இருந்தால், வீட்டில் வேறு யாராவது எடுத்துப் படித்தால்? தபாலில் அனுப்பினால் தபால்காரருக்குத் தெரியாதா? நீ வீடு தேடிப் போனால் பக்கத்து வீட்டார் யார் என்று கேட்க மாட்டார்களா? என் அம்மா பெண் பார்க்க வருகிறவர்களிடம் மறைப்பதை நினைத்துக்கொண்டேன். கடைசியில் முடிவானது இது: தபால் கிடையாது. போன் செய்து, அவர் சொல்லும் இடத்தில், அவர் சொல்லும் நேரத்தில், கையில் கொடுப்பது. வேண்டாம் என்றால் விட்டுவிடுவது.

கடிதத்தை எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கே என் வேலை எவ்வளவு தூரம் புரிந்திருக்கிறது என்று தெரிந்தது. ஆங்கிலத்தில் 180 பக்கம் ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன், தமிழில் ஒரு பக்கம் வரவில்லை. 'நோய் எதிர்ப்பாற்றல்' என்று எழுதினால் கஷாய விளம்பரம் மாதிரி இருக்கிறது. 'மேக்ரோபேஜ்' என்று எழுதினால் படிக்கிறவர் அங்கேயே நின்றுவிடுவார். விழுங்கணு என்று போட்டு, "கிருமியை விழுங்கிக் கொல்லும் வேலை பார்க்கிற செல்" என்று ஒரு வரி சேர்த்தேன். எந்த முடிவு உறுதி, எது இன்னும் உறுதியில்லை என்பதைப் பிரித்துச் சொல்லவே ஆறு முறை திருத்தினேன். உங்கள் ஒருவருடைய ரத்தத்தை வைத்து உங்களைப் பற்றிச் சொல்ல முடியாது, எல்லாருடையதையும் சேர்த்துத்தான் சொல்ல முடியும் என்ற வரியை எழுதுவதுதான் கடினமாக இருந்தது. என் ரத்தம் என்ன சொன்னது என்று கேட்டவருக்கு அது ஏமாற்றம்தானே.

பி-019 அம்மாவுக்கு முதல் கடிதம். அவர் கடையிலேயே, பதினோரு மணிக்கு, கூட்டம் ஓய்ந்த பிறகு. ஆறாம் மாதச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை, நாலு கிலோ ஏறியிருந்தார். கடிதத்தை என்னையே வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். செல்லின் படம் இருக்கிறதா என்று கேட்டார். போனில் காட்டினேன்: நுண்ணோக்கிக்கு அடியில் ஏழாம் நாள் எடுத்தது, வெல்லப்பாகு சிந்தின மாதிரி ஓரங்கள் இழுபட்டுப் படர்ந்திருக்கும் விழுங்கணுக்கள். விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "ஒடம்ப விட்டு வெளில வந்தும் ஒரு வாரம் உசுரோட இருந்துச்சா?" என்றார். இருந்தது அம்மா என்றேன். நான்கு இட்லியும் வடகறியும் வைத்துக் கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். பங்கேற்பாளரிடம் இருந்து எதுவும் வாங்கக் கூடாது என்ற விதி இட்லிக்குப் பொருந்துமா என்று எனக்குத் தெரியவில்லை. சாப்பிட்டேன்.

41 பேரில் 29 பேருக்குக் கொடுத்தாயிற்று. மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். நான்கு பேரின் எண் உபயோகத்தில் இல்லை. நான்கு பேர் இறந்துவிட்டார்கள். அவர்களில் மூன்று பேர் சிகிச்சை தொடங்கி இரண்டு மாதத்துக்குள். மிகவும் மெலிந்து, வெகு தாமதமாக வந்தவர்கள். காசநோய்ச் சாவுகளில் பெரும்பங்கு இப்படி ஆரம்பத்திலேயே நடப்பதுதான். அதனால்தான் வந்த அன்றே எடை, மூச்சு, கால் வீக்கம் பார்த்து ஆபத்தில் இருப்பவரைப் படுக்கையில் சேர்க்கிற திட்டம் 2022 முதல் தமிழ்நாட்டில் நடக்கிறது. என் மூவரும் அப்படிச் சேர்க்கப்பட்டவர்கள்தான். அவர்களுடைய செல்கள் மைனஸ் 80 ஃப்ரீசரில் இன்னும் இருக்கின்றன. அவர்களின் கடிதத்தை யாரிடம் கொடுப்பது என்று கமிட்டியிடம் கேட்டிருக்கிறேன்.

மிச்சம் இருப்பது ஒருவர். பி-003.

தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். மற்றவர்களுக்கு எழுதிய கடிதத்தையே அவருக்கும் கொடுத்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. கைடிடம் கேட்டேன். "நீயே முடிவு பண்ணு, நீ எது எழுதினாலும் நான் கையெழுத்துப் போடுறேன்" என்றார். இரண்டு வாரம் யோசித்து, மூன்றாவது பத்தியில் இப்படிச் சேர்த்திருக்கிறேன்: "நீங்கள் முதல் நாள் கொடுத்த ரத்தத்தை நான் இயந்திரத்தில் வைக்கும்போது செய்த தவறால் அது வீணாகிவிட்டது. அது சிகிச்சைக்கு முன் எடுத்தது என்பதால் திரும்ப எடுக்க முடியவில்லை. இரண்டாம் மாதமும் ஆறாம் மாதமும் நீங்கள் கொடுத்தது பயன்பட்டிருக்கிறது. உங்களுக்குப் பிறகு வந்த 38 பேரின் ரத்தம் அப்படி வீணாகவில்லை."

கடைசி வரியை எடுத்துவிடலாமா என்று இன்னும் யோசிக்கிறேன். என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ளத்தான் அதை எழுதினேனோ என்று படுகிறது. ஆனால் "யாருக்காவது ஆகட்டும்" என்று சொல்லிக் கொடுத்தவர் அவர். யாருக்கு ஆயிற்று என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

நேற்று போன் செய்தேன். எடுத்த உடனே என் குரலை அடையாளம் கண்டுகொண்டார். எதற்கு என்று சொல்ல ஆரம்பிப்பதற்குள், சனிக்கிழமை மதியம் பட்டறைக்கே வாங்க, எதிர்ல டீக்கடை இருக்கு, அங்க உக்காந்து பேசலாம் என்றார். பின்னால் யாரோ வண்டியை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். சரிங்க அண்ணா, வரேன் என்றேன்.